வேறென்ன இருக்க முடியும்?

எங்கள் வீட்டு மாடித் தொட்டி 1,000 லிட்டர். ராத்திரி 10 மணிக்கு மோட்டார் போட்டு, வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டுப் படுப்போம். போன வருஷம் கோடைக்கு முன்னால், காலையில் ஐந்தரை மணிக்கு ஏறி மூடியைத் திறந்தால் கால் தொட்டித் தண்ணீரைக் காணோம். ராத்திரி யாரும் எழுந்து குளிக்கவில்லை, துவைக்கவில்லை. சுவரில் ஈரம் இல்லை, எந்தக் குழாயும் சொட்டவில்லை, மொட்டைமாடித் தரை காய்ந்து கிடந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஏறிப் பார்த்தேன். மூன்று நாளும் அதே கதை.

வீடு கட்டும்போதே கீழ்வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எங்கள் தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறக்கியிருந்தார்கள். கீழே குடியிருப்பவர்கள் அந்த மாதம்தான் வாஷிங் மெஷின் வாங்கியிருந்தார்கள், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அது சுற்றுகிற சத்தம் எங்கள் படுக்கையறை வரை கேட்கும். தண்ணீர் குறைய ஆரம்பித்த மாதமும் மெஷின் வந்த மாதமும் ஒன்று, குறைகிற நேரமும் அது ஓடுகிற நேரமும் ஒன்று, குழாயோ கைக்கெட்டும் தூரத்தில். "வேறென்ன இருக்க முடியும்?" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன்பின் இரண்டு வாரம் அம்மா கீழே இறங்கிப் பேசவில்லை. கீழ்வீட்டு அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்தி, "அம்மாவுக்கு உடம்பு முடியலையா தம்பி, ஆளையே காணோம்?" என்று கேட்டபோது, முகத்தைப் பார்க்காமல் ஏதோ சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வந்த பிளம்பரிடம் பேச்சுவாக்கில் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். கீழ்வீட்டுச் சந்தேகத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றவர், "வேற என்னெல்லாம் இருக்கலாம்..." என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்புறம், "வீட்டுல சொட்டு நீலம் இருக்கா?" என்று கேட்டார்.

கழிவறை ஃப்ளஷ் தொட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே ஏழெட்டுச் சொட்டு விட்டார். அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, ஃப்ளஷைத் தொடக் கூடாது என்றார். டீ குடித்தோம். திரும்பப் போய்ப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானின் பின்சுவரில், விளிம்புக்குக் கீழிருந்து, ஒரு நீலக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது. நீலம் கலந்திருந்ததால்தான் தெரிந்தது, இல்லையென்றால் பீங்கானோடு ஒட்டி வழிகிற அந்த மெல்லிய தண்ணீர்த் தகட்டை எந்தக் கண்ணும் பிடித்திருக்காது. அடியிலிருந்த ரப்பர் தேய்ந்து ஓரம் தூக்கியிருந்தது. அடியில் போகப் போக மிதவை இறங்கி மேலிருந்து புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்ததால் ஃப்ளஷ் தொட்டி எப்போதும் நிறைந்தே இருந்திருக்கிறது. ரப்பரை மாற்றினார். மறுநாள் காலை தொட்டி அப்படியே இருந்தது. அன்று சாயங்காலமே அம்மா கீழே போய்விட்டு வந்தார், என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், எங்கள் யோசனையில் தர்க்கப் பிழை என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பதுதான். கண்ணால் கண்டவற்றைச் சேர்த்தோம், அவற்றை விளக்கக்கூடியது எது என்று தேடினோம், கிடைத்ததில் எது நன்றாக விளக்குகிறதோ அதை நம்பினோம். டாக்டர் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதும் மெக்கானிக் வண்டிச் சத்தத்தைக் கேட்டு பேரிங் போய்விட்டது என்பதும் இப்படித்தான். அறிவியலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி கில்பர்ட் ஹார்மன் 1965-இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் சிறந்த விளக்கத்தை நோக்கிய அனுமானம். எல்லாக் காகமும் கறுப்பு, இது காகம், எனவே இது கறுப்பு என்கிற மாதிரி கையிலிருப்பதிலிருந்து தப்பாமல் இறங்குகிற முடிவு இது இல்லை. நூறு காகம் பார்த்தேன், நூறும் கறுப்பு, அடுத்ததும் கறுப்பாக இருக்கும் என்று எண்ணிக்கையை நீட்டுகிற முடிவும் இல்லை. பார்த்த பொருளிலிருந்து பார்க்காத இன்னொரு பொருளுக்கு, இது இருந்தால்தான் அது புரியும் என்ற பிடிமானத்தில், தாவுகிறோம்.

நம் பக்கத்தில் இது மிகப் பழைய சங்கதி. தேவதத்தன் பகலில் சாப்பிடுவதில்லை, ஆனால் பருத்துக்கொண்டே போகிறான், எனவே ராத்திரியில் சாப்பிடுகிறான் என்பது வேத விளக்கத் தத்துவவாதிகளான மீமாம்சகர்கள் அருத்தாபத்திக்கு, அதாவது ஒன்றை ஏற்றால்தான் கண்டது பொருந்தும் என்பதால் அதை ஏற்பதற்கு, சொல்லும் உதாரணம். மணிமேகலையில் சமயக்கணக்கர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையிலும் அறிவைப் பெறும் வழிகளான அளவைகளின் வரிசையில் அருத்தாபத்தி வருகிறது, கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் கங்கைக் கரையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதைப் போல என்கிற விளக்கத்தோடு. தேவதத்தனைப் பற்றி முதலில் படித்தபோது ராத்திரிச் சாப்பாடு என்பது மறுக்கவே முடியாத முடிவாகத் தெரிந்தது. இப்போது ஒரு டாக்டரிடம் சொன்னால் முதல் வேலையாகத் தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுப்பார். அந்தக் காலத்து அறிஞர்களின் கூர்மையில் எந்தக் குறையும் இல்லை. தைராய்டு என்ற ஒன்று அவர்களுடைய பட்டியலில் இருக்க வாய்ப்பே இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் விஷயத்தை வானியலில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு முறை பார்க்கலாம். உர்பைன் லெ வெரியே என்ற பிரெஞ்சுக்காரர். ஒரு முறை அவருக்கு உலகப் புகழ் கிடைத்தது. இன்னொரு முறை இல்லாத ஒரு கிரகத்தை நம்பியபடியே இறந்தார். இரண்டு முறையும் அவர் யோசித்த விதம் ஒன்றேதான் என்பதால் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். சூரியனை ஒரு முறை சுற்ற அதற்கு 84 ஆண்டு. அதற்கு முன்பே பல வானியலாளர்கள் நட்சத்திரம் என்று நினைத்து அதைக் குறித்துவைத்திருந்ததால் பழைய குறிப்புகளும் கையில் இருந்தன. 1821-இல் அலெக்ஸி பூவார் எல்லாவற்றையும் சேர்த்து அட்டவணை போட உட்கார்ந்தபோது பழையதும் புதியதும் ஒட்டவில்லை. பழைய குறிப்புகளைத் தள்ளிவிட்டுப் புதியவற்றை வைத்து மட்டும் போட்டார். சில ஆண்டுகளில் யுரேனஸ் அந்த அட்டவணையையும் விட்டு விலகிப்போனது. கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் கிரகம் இல்லை.

விளக்கங்கள் பல வந்தன. நியூட்டனின் ஈர்ப்பு விதி அவ்வளவு தூரத்தில் கொஞ்சம் மாறுகிறதோ என்றார்கள். விண்வெளியில் ஏதோ ஓர் ஊடகம் கிரகத்தின் வேகத்தைக் குறைக்கிறதோ, கண்ணில் படாத பெரிய நிலவு ஏதும் அதைச் சுற்றுகிறதோ, வால்நட்சத்திரம் ஏதாவது மோதிவிட்டதோ என்றெல்லாம் கேட்டார்கள். யுரேனஸுக்கு அப்பால் இன்னொரு கிரகம் இருந்து இழுக்கிறதோ என்பதும் அந்த வரிசையில் ஒன்று. லெ வெரியே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்து, புதிய கிரகம் என்ற விளக்கத்தில் நின்றார். நின்றதோடு விடவில்லை, அந்தக் கிரகம் இன்றைக்கு வானத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு 1846 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் அகாதெமியில் வைத்தார். பாரிஸில் யாரும் பெரிதாக அக்கறை காட்டவில்லை. பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலெ என்ற உதவியாளர் முந்தைய வருஷம் தன் ஆய்வேட்டை அவருக்கு அனுப்பியிருந்தார், பதில் போடாமல் இருந்தது. லெ வெரியே அந்தப் பதிலை இப்போது எழுதினார், கூடவே இந்த இடத்தில் கொஞ்சம் பார்க்க முடியுமா என்றும் கேட்டார்.

கடிதம் செப்டம்பர் 23 அன்று பெர்லின் போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரியே காலெ தொலைநோக்கியில் உட்கார்ந்தார். ஹைன்ரிஹ் டாரெஸ்ட் என்ற மாணவர் கூட இருக்க அனுமதி கேட்டு வந்திருந்தார். வெறுமனே பார்த்தால் எல்லாமே நட்சத்திரப் புள்ளிகள்தான், எது கிரகம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பகுதிக்குப் புதிதாக அச்சான நட்சத்திர வரைபடம் இருக்கிறதே, அதோடு ஒப்பிடலாமே என்றார் டாரெஸ்ட். தேடி எடுத்தார்கள். காலெ ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் வாய்விட்டுச் சொல்ல, டாரெஸ்ட் வரைபடத்தில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி வந்தபோது மாணவர் கத்தினார்: "அந்த நட்சத்திரம் வரைபடத்தில் இல்லை!" லெ வெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூடத் தள்ளி இல்லை. மறுநாள் ராத்திரி பார்த்தபோது அது நகர்ந்திருந்தது. நெப்டியூன் கிடைத்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரைபடம். சில வாரங்களுக்கு முன்னால், ஆகஸ்ட் மாதமே, கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாலிஸ் இதே கிரகத்தைத் தேடி அதை இரண்டு முறை குறித்துவைத்திருந்தார். ஜான் கூச் ஆடம்ஸ் என்ற இளைஞர் லெ வெரியேயைப் போலவே தனியாகக் கணக்குப் போட்டிருந்ததால்தான் அந்தத் தேடல் நடந்தது. ஆனால் சாலிஸிடம் அந்த வரைபடம் இல்லை, தன் குறிப்புகளையும் அவர் உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கண் பார்த்தது, ஆள் பார்க்கவில்லை. அதற்கும் சுமார் 230 ஆண்டுகளுக்கு முன்னால், 1612 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும், கலிலியோவே வியாழனைப் பார்க்கும்போது பக்கத்தில் நெப்டியூனை நட்சத்திரமாக வரைந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லெ வெரியே இடத்தைச் சரியாகச் சொன்னாரே தவிர, தூரத்தைச் சரியாகச் சொல்லவில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல 36 மடங்குக்குப் பக்கத்தில் வைத்தார், உண்மையில் அது சுமார் 30 மடங்கு. இதைச் சுட்டிக்காட்டி, கிடைத்தது வெறும் நல்வாய்ப்பு என்று வாதாடியவர் ஹார்வர்டின் கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பர்ஸ். அப்போது எட்டு வயதுகூட நிரம்பாத அவர் மகன் சார்ல்ஸ்தான் பிற்காலத்தில், ஹார்மனுக்கு வெகு முன்பே, இந்த வகை அனுமானத்தைத் தனியாகப் பிரித்துக்காட்டி வேறொரு பெயர் வைத்த தத்துவவாதி. வியப்பான ஒன்றைப் பார்க்கிறோம், இன்னது உண்மையென்றால் அதில் வியப்பே இல்லை, எனவே அது உண்மையோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது என்று அவர் அதை விளக்கினார். "சந்தேகிக்க இடமிருக்கிறது" என்ற அடக்கத்தைக் கவனியுங்கள்.

அடுத்தது புதன். அதன் நீள்வட்டப் பாதையே மெதுவாகச் சுழல்கிறது, சூரியனுக்கு மிக அருகில் வருகிற புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகிறது. மற்ற கிரகங்கள் இழுப்பதால் எவ்வளவு நகரும் என்று கணக்குப் போடலாம். 1859-இல் லெ வெரியே போட்டார். ஒரு நூற்றாண்டுக்கு 38 விகலை மிச்சம் வந்தது, பின்னால் சைமன் நியூகாம் அதை 43 என்று திருத்தினார். ஒரு பாகையை 3,600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுதான் விகலை. இந்த வேகத்தில் ஒரே ஒரு பாகை தள்ளிப்போக சுமார் 8,400 ஆண்டு ஆகும். அவ்வளவு சின்ன மிச்சத்தையும் கண்டுபிடித்து, விளக்காமல் விட மாட்டேன் என்று நின்றார் பாருங்கள், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

விளக்கம்? புதனுக்கும் சூரியனுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம், அல்லது சின்னச் சின்னக் கோள்களின் கூட்டம். யுரேனஸில் பலித்த அதே விளக்கம். அந்த டிசம்பரில் ஓர்ஷேர் என்ற சிற்றூரிலிருந்து லெஸ்கார்போ என்ற மருத்துவரின் கடிதம் வந்தது. மார்ச் 26 அன்று சூரியனைக் கடந்துபோன சின்னக் கறுப்புப் பொட்டு ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருந்தார். லெ வெரியே ரயில் பிடித்து, மிச்சத் தூரத்தை நடந்து, தான் யார் என்று சொல்லாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்று குறுக்கு விசாரணை செய்தார். அன்றைய பதிவுகளில் வரும் காட்சி கண் முன்னால் நிற்கிறது. மருத்துவரிடம் விநாடி முள் இல்லாத பழைய கடிகாரம். விநாடியை எண்ண, பட்டுநூலில் ஒரு தந்தப் பந்தைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். கணக்குகளைப் பலகையில் எழுதுவார், பலகை நிறைந்துவிட்டால் இழைப்புளியால் சீவிவிட்டு மறுபடியும் எழுதுவார். அந்த எளிமை லெ வெரியேயைத் தொட்டிருக்க வேண்டும். நம்பிவிட்டார். கிரகத்துக்கு வல்கன் என்று பெயர் வந்தது, சூரியனைச் சுற்ற 20 நாளுக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்கும் வந்தது. மருத்துவருக்கு நாட்டின் பெரிய விருது கிடைத்தது. அதே மார்ச் 26 அன்று, அதே நேரத்தில், பிரேசிலிலிருந்து இம்மானுவேல் லியே என்ற பிரெஞ்சு வானியலாளர் இன்னும் சக்திவாய்ந்த கருவியில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு எதுவும் இல்லை என்று அவர் எழுதினார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வல்கனைத் தேடித் தேடி ஓய்ந்தார்கள். லெ வெரியே 1877 செப்டம்பர் 23 அன்று இறந்தார், நெப்டியூன் கிடைத்த அதே நாளில், 31 ஆண்டு கழித்து. அடுத்த ஆண்டு ஜூலை 29 அன்று அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம். ஜேம்ஸ் வாட்சன், லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற இரண்டு அனுபவசாலிகள் பார்த்துவிட்டோம் என்றார்கள். அவர்களோடு அன்று வானத்தைத் துழாவிய மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. பிறகு வந்த கிரகணங்களின் புகைப்படங்களிலும் ஒன்றுமில்லை. 1894-இல் ஆசஃப் ஹால், தூரத்தின் இருமடிக்குப் பதிலாக 2.00000016 மடி என்று நியூட்டன் விதியை ஒரு துளி மாற்றினால் புதன் சரியாகிவிடும் என்று காட்டினார். ஆனால் அந்த மாற்றம் சந்திரனின் கணக்கோடு ஒத்துவரவில்லை.

1915 நவம்பர் 18. மறுபடியும் பெர்லின். ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து புதனின் மிச்சத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்: நூற்றாண்டுக்கு 43 விகலை. புதிய கிரகம் எதுவும் தேவைப்படவில்லை, நியூட்டன் விதியில் எண்ணைத் திருத்தி ஒட்டவைக்கவும் வேண்டியிருக்கவில்லை. வெளியும் காலமும் சூரியனைச் சுற்றி வளைகின்றன என்பதுதான் விளக்கம். 1859-இல் லெ வெரியே எவ்வளவு நேர்மையாகப் பட்டியல் போட்டிருந்தாலும் இது அதில் இடம்பெற்றிருக்க முடியுமா? அதற்கான கணிதமே அப்போது முழுதாக இல்லை. தேவதத்தனுக்குத் தைராய்டு டெஸ்ட் எழுதச் சொல்வது மாதிரிதான்.

பாஸ் வான் ஃப்ராசன் என்ற தத்துவவாதி 1980-களில் வலியுறுத்தியது இதைத்தான். நீங்கள் தேர்ந்தெடுப்பது உங்களிடம் இருக்கிற விளக்கங்களில் சிறந்ததை. அந்தக் கூட்டமே மோசமானதாக இருந்தால், மோசமானவற்றில் சிறந்ததுதான் கையில் இருக்கும். அதை உண்மையென்று நம்ப என்ன உரிமை என்று கேட்டார். பின்னால் கைல் ஸ்டான்ஃபோர்ட் இதை வரலாற்றிலிருந்து விரித்தார்: ஒவ்வொரு காலத்திலும் விஞ்ஞானிகள், தங்களுக்குத் தோன்றாத, ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தோன்றிய விளக்கங்களை விட்டுவிட்டே முடிவுசெய்திருக்கிறார்கள் என்றார். இதை முதலில் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒரு முழு வாரம் எதைப் பார்த்தாலும் "இதற்கு எனக்குத் தோன்றாத விளக்கம் என்ன?" என்றே ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ரொம்ப நாள் வாழ முடியாது, வீட்டுக்கு ஒரு பல்புகூட மாற்ற முடியாது.

வான் ஃப்ராசனின் எச்சரிக்கையை முழுதாக ஏற்கிறேன், அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்கவில்லை. பீட்டர் லிப்டன் என்ற இன்னொரு தத்துவவாதி செய்த பிரிவு இங்கே கைகொடுக்கிறது. அழகான விளக்கம் வேறு, நடந்திருக்கக்கூடிய விளக்கம் வேறு என்றார். அழகு என்றால், உண்மையாக இருந்தால் எவ்வளவு நன்றாகப் புரியவைக்கும் என்பது. அழகானதை நடந்திருக்கக்கூடியதற்கு வழிகாட்டியாக எடுத்துக்கொள்கிறோம் என்பது அவருடைய வாதம். வாஷிங் மெஷின் விளக்கம் அழகானது. மாதம் பொருந்தியது, நேரம் பொருந்தியது. வல்கனும் அழகானது, ஒருமுறை வென்ற விளக்கத்தின் வாரிசு. அந்த அழகு எங்கே போய்த் தேட வேண்டும் என்று காட்டியது வரைக்கும் சரி. 1859-இல் லெ வெரியே அப்படி ஊகித்ததைக் குறை சொல்லவே மாட்டேன், அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். தடம் மாறியது ஓர்ஷேரில். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இல்லையென்றால் இல்லை என்று சொல்லத் தயாராயிருந்த அந்தப் பெர்லின் ராத்திரி மாதிரி ஒரு ராத்திரியை வல்கனுக்கு அவர் கொடுக்கவில்லை. லியேவின் "இல்லை"க்கும் லெஸ்கார்போவின் "ஆமா"வுக்கும் ஒரே எடை போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு ஜோடியும் இருக்கிறது, பாதிக் கதை நம் பக்கத்தில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஜான்சென் பார்த்தார், சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். சூரிய விளிம்பின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு, சோடியத்தின் கோடுகளுக்குப் பக்கத்தில், ஆனால் அவற்றின் மேல் பொருந்தாமல். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் சேராததால் புதிய தனிமம் என்ற முடிவுக்கு நார்மன் லாக்கியர் வந்தார். ஹீலியம். 27 ஆண்டு கழித்து, 1895-இல், வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைப் பார்த்தார். சரி. குண்டூர் கிரகணத்துக்கு அடுத்த ஆண்டு, 1869 கிரகணத்தில், சூரியனின் ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அதுவும் எதோடும் சேரவில்லை. அதே அனுமானம், புதிய தனிமம், பெயர் கொரோனியம். மெண்டெலீவே அதற்கு ஓர் இடம் யோசித்துவைத்தார். அப்படி ஒரு தனிமமே இல்லை. அது வெறும் இரும்பு. பல லட்சம் டிகிரி வெப்பத்தில் 13 எலெக்ட்ரான்களை இழந்து நிற்கிற இரும்பு அணு வெளியிடும் ஒளி என்று 1940 வாக்கில்தான், குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு, பெங்ட் எட்லேன் காட்டினார். அறுபது, எழுபது வருஷம் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்து "வேறென்ன இருக்க முடியும்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் இந்த வாக்கியத்துக்கு இரண்டு குரல் இருக்கிறது. அம்மா சொன்னபோது அது கதவைச் சாத்துகிற சத்தம். பிளம்பர் தொட்டிக் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னபோது அது நிஜமான கேள்வி, சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊரில் ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் முதல் குரலில்தான் பேசுகிறோம். எத்தனை குடும்பத்தில் எத்தனை பேர் மேல் அந்த ஒரு வரியை வைத்துப் பழி விழுந்திருக்கும் என்று நினைத்தால், இது தத்துவ வகுப்போடு முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை.

இப்போது வானத்தில் மறுபடியும் அதே நிலைமை. 1970-களில் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா என்ற நட்சத்திர மண்டலத்தையும் மற்ற மண்டலங்களையும் அளந்தபோது வெளி ஓரத்தில் சுற்றுபவை உள்ளே இருப்பவற்றுக்கு ஈடான வேகத்திலேயே சுற்றின. கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு அதற்குப் போதாது. கண்ணுக்குத் தெரியாத பொருள், அதாவது இருண்ட பொருள், நிறைய இருக்கிறது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள், இது நெப்டியூன் வழி. 1983-இல் மோர்டஹாய் மில்க்ரோம், மிகக் குறைந்த முடுக்கத்தில் இயக்கவிதியே மாறுகிறது என்றார், இது ஐன்ஸ்டைன் வழிக்குப் பக்கத்தில் வருகிறது. என் மனம் இருண்ட பொருள் பக்கம்தான் சாய்கிறது, காரணம் மண்டலக் கொத்துகள் ஒளியை வளைக்கிற விதத்திலும், ஆதி வெடிப்பின் எச்ச ஒளியிலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கணக்குகளில் அதே மிச்சம் வருகிறது. ஆனால் அது எந்தத் துகள் என்று கேட்டால் கையில் ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மூடிப்போன ஒரு தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. உள்ளே 10 டன் திரவ செனான். அதைச் சுற்றி இன்னொரு பெரிய தண்ணீர்த் தொட்டி, வெளியிலிருந்து வரும் வேறு கதிர்களைத் தடுக்க. இருண்ட பொருளின் துகள் ஒன்று வந்து ஒரு செனான் அணுவில் இடித்தால் ஒரு சின்ன மினுக்கல் தெரிய வேண்டும், அதைப் பிடிக்க மேலும் கீழும் நூற்றுக்கணக்கான ஒளிக்குழாய்கள் காத்திருக்கின்றன. இதுவரை அவர்கள் வெளியிட்ட முடிவுகளில் அப்படிச் சொல்லத்தக்க மினுக்கல் எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதையும், எந்த எடையில் எவ்வளவு வலுவான துகள் இல்லை என்பதையும், ஒவ்வொரு முறையும் கணக்காக எழுதிவைக்கிறார்கள்.